பழைய நோயாளிகள் 200 பேர், புதியவர்கள் எத்தனை பேருக்குச் சமம்? முந்தைய கட்டுப்பாட்டுக் குழுவை வைத்து சாம்பிள் சைஸைக் குறைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஏற்காட்டில் காபித் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். அராபிகா செடி ஒரு வருஷம் கிளை தாழக் காய்க்கும், அடுத்த வருஷம் சோர்ந்துவிடும். மார்ச் வாக்கில் பூமழை நேரத்துக்கு வந்ததா, தள்ளிப்போனதா என்பதும் சேர்ந்துகொள்ளும். அதனால் காய்ப்பு குறைந்த வருஷத்துக்கு அடுத்த வருஷம் எந்த உரத்தைப் போட்டாலும் "போன வருஷத்தைவிட நல்ல மகசூல்" என்று சொல்லிவிடலாம். சொல்பவர் பொய் சொல்லவில்லை, அவர் ஒப்பிட்ட வருஷம்தான் தப்பு.

சேலத்தில் மருத்துவ, மருந்தியல் மாணவர்களின் தீசிஸுக்குப் புள்ளியியல் கணக்குப் போட்டுத் தருவது என் வேலை. என்னிடம் வருபவர்களில் பாதிப்பேர் அந்த உரக்காரர் மாதிரிதான் வருவார்கள். ஒரு பி.ஜி. மாணவி வந்து கேட்டது இது:

"சார், என் ஆய்வுக்கு 126 பேர் வேணும்னு கணக்கு வருது. எனக்கு இருக்கிறதே ஒரு வருஷம். இரும்பு மாத்திரை மட்டும் குடுத்த பழைய தீசிஸ் லைப்ரரியில கிடக்கு, எல்லாம் சேர்த்தா 300 பேருக்கு மேல இருக்காங்க. நான் ஊசி போடுற குழுவை மட்டும் புதுசா சேர்த்தா போதாதா?"

"போதாதும்மா. ஆனா கொஞ்சம் குறைக்கலாம். எவ்வளவுன்னு பார்க்கலாம் வாங்க."

அந்த "கொஞ்சம்" எவ்வளவு என்று கண்டுபிடிக்கும் வழியைத்தான் இங்கே எழுதுகிறேன். அவருடைய ஆய்வையே உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். எண்களைக் கையால் கணக்குப் போட வசதியாக மாற்றியிருக்கிறேன்.

படி 1: முதலில் வழக்கமான கணக்கைப் போடுங்கள்

ரத்தசோகை உள்ள கர்ப்பிணிகளில் ஒரு குழுவுக்கு மாத்திரை (ஒப்பிடுவதற்கான இதுதான் கட்டுப்பாட்டுக் குழு), இன்னொரு குழுவுக்கு இரும்பு ஊசி. 6 வாரத்தில் ஹீமோகுளோபின் எவ்வளவு ஏறியது என்பதுதான் முடிவு. ஏற்றத்தின் திட்ட விலக்கம் (ஆளுக்கு ஆள் உள்ள சிதறல்) டெசிலிட்டருக்கு 1 கிராம். இரண்டு குழுவுக்கும் இடையே 0.5 கிராம் வித்தியாசம் இருந்தால் அதைப் பிடிக்க வேண்டும். பவர் (வித்தியாசம் உண்மையாகவே இருந்தால் அதைப் பிடிக்கும் வாய்ப்பு) 80 சதவீதம், தவறான வெற்றிக்கு (இல்லாத வித்தியாசத்தை இருப்பதாகச் சொல்வதற்கு) 5 சதவீத இடம். கணக்கு ஒரு குழுவுக்கு 63 பேர் என்று வரும், மொத்தம் 126. பழைய தரவு எவ்வளவு மிச்சம் பிடித்துத் தருகிறது என்பதை இந்த எண்ணோடுதான் ஒப்பிடப் போகிறோம். இதைப் போடாமலே "பழைய டேட்டா இருக்கு, அதனால 40 பேர் போதும்" என்று ஆரம்பிப்பவர்கள் உண்டு. எதிலிருந்து குறைத்தார்கள் என்று அவர்களுக்கே தெரியாது.

படி 2: உங்கள் கேள்விக்கு இது ஒத்துவருமா?

முடிவு கருவியால் அளக்கப்படுவதா, நோயாளி வாயால் சொல்வதா என்று பாருங்கள். வலி, தூக்கம், திருப்தி மாதிரியான முடிவுகள் யார் கேட்டார்கள், எப்படிக் கேட்டார்கள் என்பதைப் பொறுத்தே மாறும். அங்கே பழைய குழுவைக் கொண்டுவராமல் இருப்பது நல்லது. அரிய நோய், குழந்தைகள், மருந்தில்லாத குழுவில் ஆளை வைப்பதே சங்கடமான நோய்கள், இவற்றில்தான் இந்த முறைக்கு உண்மையான தேவை இருக்கிறது. எலிகளை வைத்துச் செய்யும் ஆய்வுகளும் அப்படித்தான். விலங்குகளின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும் என்பது ரஸ்ஸலும் பர்ச்சும் 1959இல் சொன்ன மூன்று கொள்கைகளில் ஒன்று. ஒரே விலங்குக் கூடம், ஒரே இனம், ஒரே தீனி என்றால் பழைய கட்டுப்பாட்டு எலிகள் மனிதர்களைவிட நம்பகமானவை.

புதிய கட்டுப்பாட்டுக் குழுவே வேண்டாம் என்று முழுக்க விட்டுவிடலாமா? பல நாடுகளின் மருந்து ஒழுங்குமுறை விதிகளை ஒருங்கிணைக்கும் சர்வதேச அமைப்பான ஐ.சி.எச். 2000இல் வெளியிட்ட இ10 வழிகாட்டி, அதற்கு மிகக் குறுகலான கதவைத்தான் திறந்து வைத்திருக்கிறது. நோயின் போக்கு முன்கூட்டியே தெரிந்ததாகவும், மருந்தின் விளைவு யாருடைய கண்ணுக்கும் தப்பாத அளவு பெரியதாகவும் இருக்க வேண்டும். ஹீமோகுளோபினில் அரை கிராம் அந்த ரகம் இல்லை.

படி 3: கோப்பைத் திறப்பதற்கு முன் விதியை எழுதுங்கள்

எந்த வருஷத்திலிருந்து, எந்த ஊர், எந்த அளவுகோல், எந்த மருந்து அளவு என்று ஒரு பக்கத்தில் எழுதி, தேதி போட்டு, கைடிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். முடிவுகளைப் பார்த்த பிறகு தேர்ந்தெடுத்தால், மாத்திரை மோசமாக வேலை செய்த பழைய ஆய்வுகளின் மேல்தான் நம் கை போகும். வேண்டுமென்று செய்வதில்லை, போய்விடும்.

இது எவ்வளவு பெரிய ஆபத்து என்பதற்கு 1982இல் சாக்ஸ், சால்மர்ஸ், ஸ்மித் மூவரும் செய்த ஒப்பீடு இன்றும் உதவுகிறது. ஆறு சிகிச்சைகள் பற்றி ஏற்கெனவே நடந்த ஆய்வுகளை எடுத்துக்கொண்டார்கள். பழைய நோயாளிகளோடு ஒப்பிட்ட 56 ஆய்வுகளில் 44, புதிய சிகிச்சையே சிறந்தது என்றன. குலுக்கல் முறையில் பிரித்த 50 ஆய்வுகளில் அப்படிச் சொன்னவை 10 மட்டுமே. சிகிச்சைகள் அதே ஆறுதான். பழைய கட்டுப்பாட்டுக் குழுவின் நோயாளிகள் மோசமாக இருந்ததுதான் வித்தியாசத்துக்குப் பெரும்பாலும் காரணம்.

படி 4: போகாக்கின் சல்லடை

பிரிட்டிஷ் புள்ளியியலாளர் ஸ்டூவர்ட் போகாக் 1976இல் ஆறு நிபந்தனைகள் சொன்னார். ஐம்பது வருஷம் ஆகியும் இதைவிட நல்ல சல்லடை எனக்குக் கிடைக்கவில்லை. பழைய குழுவுக்குக் கொடுத்த சிகிச்சை இப்போதைய கட்டுப்பாட்டுக் குழுவுக்குக் கொடுப்பதேதானா? அண்மையில் நடந்த, அதே தகுதி விதிகள் கொண்ட ஆய்வா? முடிவை அளந்த விதம் ஒன்றா? நோயாளிகளின் முக்கியமான தன்மைகள் ஒத்திருக்கின்றனவா? அதே நிறுவனம், பெரும்பாலும் அதே ஆட்களா? முடிவு வேறாக இருக்கும் என்று நினைக்க வேறு காரணம் ஏதாவது உண்டா?

படிக்கும்போது எல்லாம் சாதாரணமாகத் தெரியும். கையில் வைத்துச் சலித்தால்தான் எவ்வளவு கீழே விழுகிறது என்று புரியும்.

அந்த மாணவியிடம் ஏழு தொகுப்புகள் இருந்தன. முதல் கேள்வியிலேயே ஒன்று போனது. முன்பு கர்ப்பிணிகளுக்குக் கொடுத்த அரசு மாத்திரையில் 100 மில்லிகிராம் இரும்பு இருந்தது. 2018இல் அனீமியா முக்த் பாரத் என்ற ரத்தசோகை ஒழிப்புத் திட்டம் வந்த பிறகு அது 60 மில்லிகிராம். இரண்டையும் "ஒரு மாத்திரை" என்றே பதிவேட்டில் எழுதியிருப்பார்கள். எழுத்து ஒன்றுதான், உள்ளே போன இரும்பு வேறு.

இரண்டாவது, ஏற்காட்டில் சேகரித்தது. மலைமேல் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் காற்றில் ஆக்சிஜன் குறைவு என்பதால் உடல் இயல்பாகவே கூடுதலாக ஹீமோகுளோபின் வைத்துக்கொள்ளும். உயரத்துக்கு ஏற்பத் திருத்திக்கொள்ளச் சொல்லி உலக சுகாதார நிறுவனமே அட்டவணை தருகிறது. "நாங்கள் அளப்பது ஏற்றத்தைத்தானே, ஆரம்ப அளவு எதுவாக இருந்தால் என்ன?" என்று அவர் கேட்டார். நல்ல கேள்விதான். ஆனால் ஆய்வில் சேர்க்கும் வரம்பு 10 கிராமுக்குக் கீழ் என்று வைத்திருக்கிறார். சேலத்தில் 9.5 உள்ள பெண்ணும் ஏற்காட்டில் 9.5 உள்ள பெண்ணும் ஒரே அளவு ரத்தசோகை உள்ளவர்கள் இல்லை. மலைமேல் இருப்பவருக்குத்தான் குறை அதிகம். குறை அதிகமானால் மாத்திரைக்கு ஏற்றமும் மாறும். அதையும் எடுத்து வைத்தோம்.

மூன்றாவதில் நானே ஒருமுறை மாட்டிக்கொண்டிருக்கிறேன். சில வருஷம் முன்பு ஒரு ஆய்வுக்கு, பெயர் வேண்டாம், ஒரு ஆஸ்பத்திரியின் பழைய பதிவேட்டை அப்படியே எக்செல்லில் ஏற்றிச் சேர்த்துவிட்டேன். முடிவு கிட்டத்தட்ட எழுதி முடித்த பிறகு தற்செயலாக ஹீமோகுளோபின் பத்தியை மேலிருந்து கீழே பார்த்தேன். 8.2, 8.6, 9.0, 7.8, 8.4... எல்லாமே இரட்டைப் படை. ஒரு மாதத்துக்குக் கீழே திடீரென்று 8.7, 9.3, 8.1. அதற்கு முன்பு சாலி முறையில், நிறத்தைக் கண்ணால் ஒப்பிட்டு, 0.2 கிராம் இடைவெளியில் கோடு போட்ட குழாயில் படித்திருக்கிறார்கள். அந்த மாதம்தான் மெஷின் வந்திருக்கிறது. பதிவேட்டில் எங்கேயும் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கடைசி இலக்கம்தான் காட்டிக்கொடுத்தது. அன்றிலிருந்து எந்தப் பழைய தரவு வந்தாலும் முதலில் கடைசி இலக்கங்களை எண்ணிப் பார்ப்பேன். இந்த மாணவியின் மூன்றாவது தொகுப்பும் அப்படித்தான் விழுந்தது.

கடைசி நிபந்தனைக்கு ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வந்து ஒரு உதாரணம். நம் மாவட்டத்துக் குச்சிக்கிழங்கில் (மரவள்ளி) புது ரகத்தையோ உரத்தையோ சோதிப்பவர், சில வருஷம் முந்தைய மகசூலைக் கட்டுப்பாடாக எடுத்துக்கொள்ளலாம் என்று நினைப்பார். ஆனால் மரவள்ளி மாவுப்பூச்சி 2020இல் கேரளத்தில் முதலில் தென்பட்டு, அப்புறம் நம் பக்கத்துத் தோட்டங்களுக்கும் வந்தது. அதைத் தின்னும் ஒட்டுண்ணிக் குளவியை ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் 2022இல் வெளியே விட்டார்கள். பூச்சி வருவதற்கு முன், வந்த பின், குளவி விட்ட பின் என்று மூன்றும் மூன்று உலகம். நிலம் அதே நிலமாக இருந்தாலும் அவற்றைச் சேர்த்து வைக்க முடியாது.

சரி, மாணவியின் ஏழில் நான்கு மிஞ்சின. ஒவ்வொன்றிலும் 50 பேர், மொத்தம் 200.

படி 5: பழைய ஆய்வுகள் தங்களுக்குள்ளேயே ஒத்துப்போகின்றனவா?

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் கவனமாகப் படிக்கப் போகிறீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

நான்கு ஆய்வுகளிலும் மாத்திரை சாப்பிட்டவர்களின் சராசரி ஏற்றம் 1.0, 1.3, 1.3, 1.6 கிராம். பொதுச் சராசரி 1.3. விலகல்கள் 0.3, 0, 0, 0.3. வர்க்கங்களைக் கூட்டினால் 0.18, மூன்றால் வகுத்தால் 0.06. இதில் ஒரு பகுதி வெறும் தற்செயல். 50 பேரை எடுத்தாலே சராசரியில் 1 வகுத்தல் 50, அதாவது 0.02 அளவுக்கு மாறுபாடு இருக்கும். அதைக் கழித்தால் 0.04. வர்க்கமூலம் 0.2. ஆய்வுக்கு ஆய்வு உண்மையாகவே உள்ள இந்த விலகலைப் புள்ளியியலில் டௌ என்பார்கள்.

0.2 கிராம் சின்ன எண் மாதிரிதான் இருக்கிறது. அது என்ன செய்கிறது என்று அடுத்த படியில் பாருங்கள்.

படி 6: 200 பேரின் உண்மையான மதிப்பு

உங்கள் புதிய ஆய்வும் அந்த நான்கைப் போலவே ஐந்தாவது ஒன்று. அதன் கட்டுப்பாட்டுச் சராசரி எங்கே இருக்கும் என்று பழையவற்றை வைத்துச் சொன்னால், அதில் இரண்டு நிச்சயமின்மை உண்டு. ஒன்று ஆய்வுக்கு ஆய்வு உள்ள விலகல்: டௌவின் வர்க்கத்தை 1.25ஆல் பெருக்க வேண்டும் (நான்கு ஆய்வுகள் என்பதால் ஒன்றோடு நாலில் ஒரு பங்கு கூடுகிறது). இன்னொன்று ஆட்களின் எண்ணிக்கையால் வருவது: 1 வகுத்தல் 200, அதாவது 0.005. இரண்டையும் கூட்டி, 1ஐ அதனால் வகுத்தால், பழைய தரவு எத்தனை புதிய நோயாளிகளுக்குச் சமம் என்று கிடைக்கும்.

டௌ 0 என்றால் 200 பேர்.
டௌ 0.1 என்றால் 57 பேர்.
டௌ 0.2 என்றால் 18 பேர்.
டௌ 0.3 என்றால் 8 பேர்.

200 பேர் 18 ஆகிவிட்டார்கள். மாணவியின் முகம் சுருங்கியது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. இன்னொன்றும் கவனியுங்கள்: அதே நான்கு ஆய்வுகளில் 50க்குப் பதில் 5,000 பேர் இருந்தாலும் இந்த 18, 20ஐத் தாண்டாது. ஆட்களைக் கூட்டிப் பிரயோசனமில்லை, ஆய்வுகளுக்குள் இருக்கும் விலகலைக் குறைக்க வேண்டும். சல்லடையில் கறாராக இருப்பது அதனால்தான் லாபம். மெஷினில் அளந்ததையும் குழாயில் அளந்ததையும் கலந்தால் ஆள் கூடும், டௌவும் கூடும், கடைசியில் மதிப்பு குறைந்துவிடும்.

நான்கே ஆய்வுகளை வைத்து டௌவைத் துல்லியமாகச் சொல்ல முடியாது என்பதையும் மறக்க வேண்டாம். 0.2 என்று வந்தால் 0.3க்கும் ஒருமுறை கணக்குப் போட்டு வையுங்கள்.

இது நம் ஊர்க் கணக்கில் மட்டும் நடப்பதில்லை. முதுகெலும்பு இறுகிப்போகும் அன்கைலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் நோய்க்கு செகுகினுமாப் மருந்தைச் சோதித்த ஆய்வு 2013இல் லான்செட்டில் வந்தது. முந்தைய எட்டு ஆய்வுகளில் பொய்மருந்து கொடுக்கப்பட்ட 500க்கும் மேற்பட்டவர்களின் தகவலை எடுத்தார்கள். கணக்குப் போட்டபோது அது 43 பேருக்குத்தான் சமம் என்று வந்தது. அந்த 43ஏ போதுமானதாக இருந்தது. புதிய மருந்துக்கு 24 பேர், பொய்மருந்துக்கு வெறும் 6 பேர் என்று 30 பேரோடு ஆய்வை முடித்தார்கள். ஆறாவது வாரத்தில் முன்னேற்றம் கண்டவர்கள் 59 சதவீதம், பொய்மருந்தில் 24 சதவீதம் என்று மதிப்பிட்டார்கள். வித்தியாசம் பெரிதாக இருந்ததும் அவர்களுக்கு உதவியது.

படி 7: புதிய கட்டுப்பாட்டுக் குழுவில் எத்தனை பேர்?

மாணவிக்குக் கட்டுப்பாட்டுப் பக்கம் 63 வேண்டும். 18 பழைய தரவிலிருந்து வருகிறது. மீதி 45. ஊசிக் குழு 63 அப்படியே. மொத்தம் 108.

டௌ 0.1 என்று வந்திருந்தால்? 57 பேர் கிடைத்திருப்பார்கள், புதிதாக 6 பேர் போதும் என்று கணக்கு சொல்லும். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பழைய குழுவும் இப்போதைய நோயாளிகளும் ஒத்துப்போகிறார்களா என்று பார்க்கவே புதியவர்கள் சிலர் வேண்டும். ஆறு பேரை வைத்து எதையும் பார்க்க முடியாது. மேலே சொன்ன 30 பேர் ஆய்வு ஆறோடு நின்றது உண்மைதான், அது எட்டு நல்ல ஆய்வுகளின் பலத்தில், ஆரம்பக்கட்டச் சோதனையாக நடந்தது. சாதாரண தீசிஸுக்குப் புதிய கட்டுப்பாட்டுக் குழு குறைந்தது சிகிச்சைக் குழுவில் பாதியாவது இருக்கட்டும். எண்ணிக்கை எதுவானாலும் அவர்களைக் குலுக்கல் முறையில்தான் பிரிக்க வேண்டும்.

படி 8: "பழையவர்கள் வேறு மாதிரி இருந்தால்?" என்று கணக்குப் போடுங்கள்

இந்த வருஷம் வார்டில் சாப்பாடு மாறியிருக்கலாம், குடற்புழு மாத்திரை ஒழுங்காகப் போயிருக்கலாம். அதனால் மாத்திரைக் குழுவே பழையதைவிட 0.3 கிராம் கூடுதலாக ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஊசியால் கூடுதல் பயன் எதுவும் இல்லை என்றும் வைத்துக்கொள்வோம்.

பழைய 200ஐயும் புதிய 45ஐயும் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றாகக் கொட்டினால், கட்டுப்பாட்டுச் சராசரியில் பழையவர்களின் பங்கு 82 சதவீதம். ஊசிக்கு 0.24 கிராம் இலவச மதிப்பெண் கிடைத்துவிடும். 5 சதவீதம் இருக்க வேண்டிய தவறான வெற்றி சுமார் 41 சதவீதம் ஆகிறது. அதே பழைய தரவை 18 பேராக மட்டும் எடுத்துக்கொண்டால் இலவச மதிப்பெண் 0.09 கிராம், தவறான வெற்றி சுமார் 6 சதவீதம். தாங்கிக்கொள்ளலாம்.

"முதலில் பழையதையும் புதியதையும் டெஸ்ட் செய்து, வித்தியாசம் இல்லை என்று வந்தால் சேர்த்துவிடலாமே?" என்று பல கைடுகள் சொல்வார்கள். மேலே உள்ள எண்களிலேயே போட்டுப் பாருங்கள். 0.3 கிராம் விலகல் உண்மையாகவே இருந்தாலும் அந்த டெஸ்ட் பாதிக்கும் மேற்பட்ட தடவை அதைத் தவறவிடும். பி-மதிப்பு 0.05க்கு மேல் என்றால் வித்தியாசம் பிடிபடவில்லை என்று மட்டுமே பொருள், வித்தியாசமே இல்லை என்று அல்ல.

முறையாகச் செய்ய மூன்று வழிகள் புழக்கத்தில் உள்ளன. 2000இல் இப்ராஹிமும் சென்னும் எழுதிய பவர் பிரையர் (பிரையர் என்பது புதிய தரவுக்கு முன்பே கையில் உள்ள தகவல்), பழைய தரவுக்கு 0 முதல் 1 வரை ஒரு எடை கொடுப்பது. நம் உதாரணத்தில் 18 வகுத்தல் 200, அதாவது 0.09. இரண்டாவது, படி 5லும் 6லும் நாம் கையால் செய்ததன் முழு வடிவம். மெட்டா-அனலிட்டிக் பிரெடிக்டிவ் பிரையர் என்பார்கள், சுருக்கமாக மேப். மூன்றாவது அதையே கொஞ்சம் பாதுகாப்பாக்கியது: 80 பங்கு பழைய தகவல், 20 பங்கு "எனக்கு ஒன்றும் தெரியாது" என்று கலந்து வைப்பது. புதிய கட்டுப்பாட்டுக் குழு பழையதோடு முரண்பட்டால் அந்த 20 பங்கு மேலெழும்பிப் பழையதைத் தள்ளிவிடும். நான் பரிந்துரைப்பது இந்த மூன்றாவதைத்தான். ஆர் மென்பொருளில் ஆர்பெஸ்ட் என்ற இலவசப் பேக்கேஜ் இதை எல்லாம் செய்து தரும்.

பாதுகாப்புக்குக் கொஞ்சம் பவரைக் கொடுக்க வேண்டியிருக்கும். அதனால் மாணவிக்கு 45ஐ 50 ஆக்கினோம். மொத்தம் 113. மிச்சம் 13 பேர்தான். வாரத்துக்கு இரண்டு பேர் சேரும் வார்டில் அது ஒன்றரை மாதம். 300 பேரை நம்பி வந்தவருக்கு இது ஏமாற்றம்தான், ஆனால் யார் கேட்டாலும் காரணம் சொல்லிக் காப்பாற்றக்கூடிய எண்.

படி 9: எழுதி, அனுமதி வாங்கிப் பதிவு செய்யுங்கள்

எந்தெந்தப் பழைய ஆய்வுகள், எவை ஏன் விலக்கப்பட்டன, டௌ எவ்வளவு, எத்தனை பேருக்குச் சமம், எந்த முறை, 80க்கு 20 கலவை, இவை எல்லாம் முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே புரோட்டோகாலில் இருக்க வேண்டும். பழைய பதிவேடுகளைப் பயன்படுத்துவதற்கும் எத்திக்ஸ் கமிட்டியிடம் தனியாகக் கேளுங்கள். பெயர், முகவரி நீக்கிய தரவாக இருந்தாலும் கேளுங்கள். மருத்துவச் சோதனை என்றால் இந்தியாவின் மருத்துவச் சோதனைப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.யில் பதிவும் முன்கூட்டியே.

படி 10: முடிவை இரண்டு விதமாகக் காட்டுங்கள்

ஆய்வு முடிந்ததும் மாத்திரைக் குழுவின் 50 பேருக்குச் சராசரி ஏற்றம் 1.5 என்று வந்தது என்று வையுங்கள். பழையது 1.3, எடை 18. இரண்டையும் எடைபோட்டுச் சேர்த்தால் கிட்டத்தட்ட 1.45. ஊசிக் குழுவை 1.45ஓடு ஒப்பிட்ட முடிவையும், பழையதைத் தொடாமல் 1.5ஓடு மட்டும் ஒப்பிட்ட முடிவையும் ஒரே அட்டவணையில் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். பழைய நான்கு சராசரிகளையும் புதியதையும் ஒரே படத்தில் ஐந்து புள்ளிகளாக வரையுங்கள். வைவாவில் பாதிக் கேள்விகளுக்கு அந்தப் படமே பதில் சொல்லிவிடும்.

அப்புறம் உங்கள் 50 பேர் விஷயம். நாளைக்கு இன்னொருவர் லைப்ரரியில் உங்கள் தீசிஸை எடுத்து அவர்களைப் பழைய கட்டுப்பாட்டுக் குழுவாகப் பயன்படுத்தப் போகிறார். பின்னிணைப்பில் மாத்திரையில் எத்தனை மில்லிகிராம் இரும்பு, எந்த மெஷின், நடுவில் மாற்றினார்களா, எந்தத் தேதியில் என்று நாலு வரி சேர்த்துவிடுங்கள். இந்த மாணவி இன்னும் ஒரு படி போய், வார்டுப் பதிவேட்டின் முதல் பக்கத்திலேயே மெஷின் வந்த தேதியைச் சிவப்பு மையில் எழுதி வைத்துவிட்டார்.